அரச வேட ஃபோட்டோ ஷூட்: கிரீடம் ஃபோமிலா, காகிதத்திலா, கூத்துக் கட்டையா, வாடகைக்கா?

புராண வேடத்திலோ அரச வேடத்திலோ படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பட்டுக்கு அலைவார்கள். கிரீடத்தைக் கடைசி வாரத்தில்தான் தேடுவார்கள். படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பழைய பட்டைக் கேமரா மன்னித்துவிடும். முகத்துக்கு நான்கு விரல் மேலே நிற்கும் கிரீடமோ முகத்துக்கு வைத்த அதே ஃபோகஸில் விழும். வெட்டிய விளிம்பு, வழிந்த பசை, தூரிகை இழுத்த கோடு எதுவும் தப்பாது.

எந்தப் பொருளில் செய்வது என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. எவ்வளவு நெருக்கத்தில், எந்த விளக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும். முதலில் நெருக்கத்தைக் கணக்கிடுங்கள். ஆள், கிரீடம், மேலும் கீழும் கொஞ்சம் இடம் எல்லாம் சேர்த்து 2.4 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 50 மி.மீ. லென்ஸில் சுமார் 3.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 85 மி.மீ. என்றால் 5.7 மீட்டர். ஆளுக்குப் பின்னால் திரை வரை இன்னும் ஒன்றரை மீட்டர் வேண்டும், இல்லையென்றால் நிழல் திரையில் விழும். வீட்டு ஹாலில் 85 எடுபடாது. இந்த முழு உருவப் படத்தில் 30 செ.மீ. கிரீடம் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான். மார்பளவுப் படத்தில் அதே கிரீடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும். முன்னதற்கு அட்டை போதும், பின்னதற்குப் போதாது.

ஈவா ஃபோம்

செருப்பின் அடிப்பாகத்துக்கும் ஜிம் விரிப்புக்கும் போகும் அதே ஃபோம். காலணி மூலப்பொருள் விற்கும் கடைகளில் தாளாகக் கிடைக்கும். சென்னையில் என்றால் பெரியமேடு பக்கம் கேட்டுப் பாருங்கள். கிரீடத்தின் உடலுக்கு 5 அல்லது 6 மி.மீ., மேலே ஒட்டும் பூவேலைக்கும் பட்டைக்கும் 2 மி.மீ. வாங்கினால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் சட்டென்று மீள வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் அது அடர்த்தி குறைந்த ரகம், சூடு காட்டியதும் சுருங்கிப்போகும்.

முதல் தவறு அளவில் நடக்கும். தலைச் சுற்றளவை டோப்பா வைத்த பிறகு எடுக்க வேண்டும். அது 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 58 செ.மீ. பட்டையை வெட்டி வளைத்தால் கிரீடம் இறுக்கும், ஏனென்றால் ஃபோமின் தடிமன் உள்பக்கத்தைக் குறுக்கிவிடுகிறது. 6 மி.மீ. ஃபோமுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கூட்டி, 60 செ.மீ. வெட்டுங்கள். மேலே கூம்பும் குடமும் வேண்டுமென்றால், தலை பொம்மைக்குப் பாலிதீன் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, வேண்டிய வடிவத்தைப் பேனாவால் வரையுங்கள். அதை ஆறு இதழாக வெட்டிப் பிரித்தால் வார்ப்புத்தாள் கிடைத்துவிடும். 60 செ.மீ.யை ஆறாகப் பிரித்தால் ஒவ்வோர் இதழின் அடியும் 10 செ.மீ.

கட்டர் பிளேடைக் கஞ்சத்தனமில்லாமல் உடைத்துப் புதிய முனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈவா பிளேடை வேகமாக மழுக்கும். மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரியான கான்டாக்ட் பசை. இரண்டு விளிம்பிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிடிக்காது. பதம் வந்த பின் சேர்த்தால் நகர்த்த முடியாது. அதனால் இரு பக்கமும் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஜன்னல் திறந்த இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியோடு செய்ய வேண்டும். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

வடிவம் வந்ததும் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே மேற்பரப்பு முழுக்கக் காட்டுங்கள். மங்கலான பரப்பில் லேசாகப் பளபளப்பு ஏறினால் துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். இதைத் தவிர்த்தால் பெயின்டை ஃபோம் குடித்துக்கொண்டே இருக்கும். இணைப்புக் கோடுகளில் அக்ரிலிக் சீலன்ட் வைத்து ஈர விரலால் இழுத்துவிடுங்கள். பக்கவாட்டு விளக்கில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுகள்தான். பிறகு வெள்ளை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மூன்று மெல்லிய கை (பூச்சு). ஒவ்வொரு கையும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது.

தங்கத்தை நேராகப் பூசுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. சாம்பல் ஃபோம் மேல் பூசிய தங்க நிறம் படத்தில் மஞ்சள் சுவராகத்தான் வரும். அடியில் கறுப்பு அல்லது அடர் பழுப்பு போடுங்கள். அதன் மேல், தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு ஏறக்குறைய உலர்ந்த முனையால் மேடுகளில் மட்டும் தங்கத்தைத் தேயுங்கள். கடைசியாகத் தண்ணீராகக் கரைத்த பழுப்பைப் பூசி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். பள்ளங்களில் தங்கும் அந்த இருட்டுதான் உலோகமாகக் காட்டுகிறது. மேலே மேட் வார்னிஷ். பளபள வார்னிஷ் பூசினால் பிளாஸ்டிக் என்று கத்தும்.

அட்டையும் காகிதக் கூழும்

செலவு குறைவு, பொறுமை அதிகம். அட்டைச் சட்டத்தின் மேல் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை நான்கைந்து அடுக்கு ஒட்ட வேண்டும். பசையில் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. மயில்துத்தம் நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தலையில் வைக்கும் கிரீடத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஓர் அடுக்கு முழுக்கக் காயாமல் அடுத்ததை ஒட்டினால் உள்ஈரம் வெளியேற வழியில்லாமல் கிரீடம் கோணிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் நாட்களை இரண்டு மடங்காகப் போடுங்கள்.

ஆனால் ஃபோமால் முடியாத ஒன்று இதில் முடியும். தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லைச் சுற்றி மேடு எழுப்பச் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) தூளும் பசையும் கலந்த மக்கு வைக்கிறார்களே, அதே மக்கு இந்த விறைத்த பரப்பில் அருமையாக நிற்கும். ஃபோம் வளையும்போது மக்கு விரிசல் விட்டு உதிரும். அங்கே துணிச்சாயக் கடையில் விற்கும் 3டி அவுட்லைனர்தான் கதி. கூர்மையான, ஆழமான பூவேலை வேண்டுமென்றால், நேரமும் இருந்தால், என் ஓட்டு காகிதத்துக்கு.

கூத்துக் கட்டை

தெருக்கூத்தில் ராஜவேடம் கட்டுபவர்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதித்தவை. லேசான மரம்தான், ஆனாலும் முழுச் செட்டும் கட்டினால் பழகாத கழுத்துக்குப் பாரம். தலையில் துணி சுற்றி, அதன் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்காமல் இதில் இறங்காதீர்கள். கலைஞர்கள் கட்டை தரும்போது அதற்கான மரியாதையையும் கூலியையும் முன்பே பேசிவிடுவது முறை.

சிக்கல் விளக்கில் வரும். கண்ணாடிகள் இருட்டுத் திடலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு மின்னுவதற்காக வைத்தவை. ஆள் அசைய அசைய ஒவ்வொன்றாகப் பொறி தட்டும். ஸ்டூடியோவில் பெரிய சாஃப்ட்பாக்ஸை (முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டி) முன்னால் வைத்தால், அதற்கு நேராகத் திரும்பியிருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் அந்த வெள்ளைச் சதுரத்தையே காட்டும். கிரீடம் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரும் கைகொடுக்காது, கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சிலிருந்து வரும் பிரதிபலிப்பை அது தனியாக அடக்காது. வழி நேர் எதிரானது. சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு, சிறிய வெற்று விளக்கை மூன்று மீட்டர் தள்ளி, தலைக்கு நன்றாக மேலே ஏற்றுங்கள். முகத்து நிழலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்று போதும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் கண்ணாடிகள் புள்ளிப் புள்ளியாக மின்னும், மரத்தின் சிவப்பும் பச்சையும் தங்கும். கூட இருப்பவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை போடட்டும். வெள்ளை டி-ஷர்ட் போட்ட உதவியாளர் கிரீடத்தில் இருபது இடத்தில் நிற்பார்.

ரவி வர்மா ஓவியச் சாயலில், ஜன்னல் வெளிச்சம்போல ஒரு பக்க மென்வெளிச்சத்தில் எடுக்க நினைத்தால் கட்டையை விட்டுவிடுங்கள். 2020-இல் ஒளிப்படக் கலைஞர் ஜி. வெங்கட் ராமின் நாட்காட்டி அந்த ஓவியங்களை நடிகைகளை வைத்து மீட்டெடுத்தது நினைவிருக்கலாம். அந்த வகை வெளிச்சத்துக்கு மேட் தங்கம் பூசிய ஃபோமோ காகிதமோதான் பொருந்தும்.

வாடகைக் கிரீடம்

வடபழனி, சாலிகிராமம் பக்க நாடக, சினிமா உடைக் கடைகளில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அவசரத்துக்கு இதுதான். எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: விழுந்த கல், பின்பக்கம் மூடியிருக்கிறதா, நாடா அறுந்திருக்கிறதா. பெரும்பாலானவை மேடையில் முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை, பக்கவாட்டுப் படத்தில் உள்வெறுமை தெரியும். குறையிருந்தால் அங்கேயே மொபைலில் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள், முன்பணம் திரும்பும்போது வாக்குவாதம் வராது. பளபளப்பு அதிகமென்றால் முகப்பவுடரை மென்தூரிகையில் தொட்டு மேடுகளில் ஒற்றலாம்; திருப்பித் தருமுன் உலர்துணியால் துடைத்தால் போய்விடும்.

3டி பிரின்ட் பற்றியும் கேட்பார்கள். வடிவம் துல்லியம்தான். ஆனால் சாதாரண இயந்திரத் தட்டின் அகலம் 22 செ.மீ. சொச்சம் என்பதால் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். பிரைமர் அடித்து 120, 220, 400 என்று உப்புத்தாள் தேய்க்காவிட்டால் அடுக்குக் கோடுகள் படத்தில் வரும். அச்சிடப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

தெர்மாகோல் தலைக்கு வேண்டாம். தூணுக்கும் சிம்மாசனத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஸ்ப்ரே பெயின்ட், எஸ்.ஆர். பசை இரண்டையும் நேராகப் படவிடக் கூடாது, கரைத்துக் குழியாக்கிவிடும். மேலே ஃபெவிகாலில் இரண்டடுக்குக் காகிதம் ஒட்டிவிட்டுப் பூசுங்கள்.

ஆக, ஒரே பொருளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. கிரீடமும் மார்புக்கவசமும் ஃபோமில், இடுப்புக்குக் கீழே வரும் பட்டைகள் அட்டையில், பின்னால் நிற்கும் தூண் தெர்மாகோலில் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே டப்பாத் தங்கம், ஒரே பழுப்பு. இரண்டு கம்பெனித் தங்கம் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒன்று பச்சையடிக்கும், கணினியில் சரிசெய்யப் போனால் தோல் நிறம் கெடும்.

கதாயுதத்துக்கு 20 செ.மீ. பிளாஸ்டிக் பந்தும் 90 செ.மீ. பி.வி.சி. குழாயும் போதும். பந்தைத் துளைத்துக் குழாயை மறுபக்கம்வரை விட்டு நிறுத்துங்கள், பாதியில் நின்றால் தலை ஆடும். பந்தின் மேல் 2 மி.மீ. ஃபோமை எட்டு இதழாக ஒட்டி, இதழ்களுக்கு நடுவே கயிறு ஓட்டுங்கள். குழாயின் அடிவாயை ஃபோம் வட்டத்தால் அடைத்துவிடுங்கள். தோளில் சாய்த்துக் கீழ்க்கோணத்தில் எடுக்கும் படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த ஓட்டைதான்.