மினிக்ஸின் ஃப்ளாப்பி டிரைவர்: குமுளி ஈரத்தில் நீண்ட நாள் பயன்பாடு

குமுளியில் ஃப்ளாப்பி டிஸ்க் வைத்திருப்பவருக்கு முதல் எதிரி பூஞ்சை. ஜூன் பிறந்தால் சுவரே வேர்க்கும் ஊர் இது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கிய ஏலக்காய் வியாபாரிகள் கணக்கையெல்லாம் ஃப்ளாப்பியில்தான் எடுத்து வைத்தார்கள். இங்கே மட்டுமில்லை, கம்பம், போடி, வண்டன்மேடு எங்கே போனாலும் யாராவது ஒருவர் பீரோவில் அப்படி ஒரு டப்பா கிடக்கும். பாகம் பிரிக்கும்போதோ, பழைய பாக்கி தகராறாகும்போதோ அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "இந்த ஒரு வருசக் கணக்கு மட்டும் வந்துட்டா போதும் தம்பி" என்பார்கள். இந்த வேலைக்கு இருபது வருடத்துக்கும் மேலாக நான் நம்பியிருப்பது ஒரு 486 கம்ப்யூட்டரையும் அதில் ஓடும் மினிக்ஸ் 2ஐயும்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் ஃப்ளாப்பி டிரைவரை, அதாவது ஃப்ளாப்பி டிரைவை இயக்கும் மென்பொருளை.

மினிக்ஸ் என்பது ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எழுதி 1987ல் வெளியிட்ட, யுனிக்ஸ் போன்ற சிறிய இயங்குதளம். இரண்டாம் பதிப்பு 1997ல் வந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்றே அதைக் கட்டினார்கள். ரூட் கோப்பு முறைமையை, அதாவது இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளை, ஃப்ளாப்பியிலிருந்து நினைவகத்தில் ஏற்றிவிட்டு, அந்த டிஸ்க்கை உருவி அடுத்ததைப் போடலாம். அதனால் ஃப்ளாப்பி டிரைவரை யாரும் ஒப்புக்கு எழுதவில்லை. சி மொழி தெரிந்தவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முழுவதையும் படித்துவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, டிரைவ் சொல்வதை அது அப்படியே நம்புவதில்லை என்பது. தட்டில் வட்டம் வட்டமாகப் பதிவு இருக்கும், அந்த வட்டம்தான் டிராக். படிக்கும் தலை எந்த டிராக்கில் நிற்கிறது என்று ஃப்ளாப்பி கன்ட்ரோலர் சிப்புக்கு உண்மையில் தெரியாது. ஒவ்வொரு அடியாக நகர்த்தி, 'இங்கேதான் இருப்பேன்' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டிராக்கின் ஒரு துண்டான செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் டிரைவர் உடனே கைவிடாது. சில முறை முயன்று பார்க்கும். பாதி வாய்ப்பு தீர்ந்ததும் தலையைப் பூஜ்ய டிராக்குக்குத் திருப்பி அனுப்பி, டிராக் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கும். கம்பம்மெட்டு சாலையில் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாத லாரி பின்னால் வந்து மறுபடி ஒடிப்பதைப் போலத்தான் இதுவும். இதைக் காதாலேயே கேட்கலாம். ஒழுங்காகப் படிக்கும்போது 'டிக், டிக்' என்று ஒரே சீராக வரும். திடீரென்று 'கர்ர்ர்' என்று நீளமாக இழுத்தால் தலை பூஜ்யத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மறுபடி 'டிக், டிக்' வந்தால் அந்த செக்டர் பிழைத்துவிட்டது. எவ்வளவோ கணக்கு அந்த ஓர் இழுப்பில்தான் கிடைத்திருக்கிறது.

எல்லா முயற்சியும் தோற்றால், சாதனம் 2/0, இத்தனையாவது பிளாக், மீட்க முடியாத பிழை என்று திரையில் வரும். அந்த எண் பொன்னானது. 1.44 எம்பி டிஸ்க்கில் ஒரு டிராக்குக்கு 18 செக்டர். பிளாக் ஒன்றுக்கு இரண்டு செக்டர் என்பதால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 18 பிளாக். பிழை வந்தது 400வது பிளாக் என்றால் 18ஆல் வகுக்க வேண்டும்: 22வது சிலிண்டர், மீதி 4. மீதி 9க்குக் குறைவாக இருந்தால் கீழ்ப்பக்கம், இல்லாவிட்டால் மேல்பக்கம். பூஜ்ய டிராக் வெளி விளிம்பில் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தகரக் கதவைத் தள்ளி, தட்டை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்தால், பெரும்பாலும் சொன்ன இடத்திலேயே வெள்ளைப் பொட்டாகப் பூஞ்சை நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி போடுவேன். டிரைவின் தலையையும் துடைத்தாக வேண்டும். விட்டால் அடுத்த டிஸ்க்கும் கெடும்.

டாஸ் ஃப்ளாப்பிகளுக்கு, கோப்புகளைப் பட்டியலிட டாஸ்டிர், படித்தெடுக்க டாஸ்ரீட் என்ற இரண்டு கட்டளைகள் போதும், டிஸ்க்கைக் கோப்பு முறைமையோடு இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டாம். முழு டிஸ்க்கையும் சோதிக்க ரீட்ஆல் இருக்கிறது. டிரைவின் பெயரை எஃப்டி0 என்று கொடுத்தால் டிரைவரே படித்துப் பார்த்து எந்த வகை டிஸ்க் என்று கண்டுபிடிக்கும். ரொம்பப் பழுதான டிஸ்க்கில் அந்தச் சோதனையே குழம்பலாம். அப்போது 720 கேபிக்கு பிஎஸ்0, 5.25 அங்குல 1.2 எம்பிக்கு ஏடி0 என்று வகையை நாமே சொல்லிவிடுவது நல்லது. வேலை முடிந்தும் மூன்று விநாடி மோட்டார் சுற்றிக்கொண்டே இருப்பது கோளாறு இல்லை. அடுத்த கட்டளை உடனே வந்தால் மோட்டார் வேகம் பிடிக்கக் காத்திருக்க வேண்டாமே என்று அப்படி எழுதியிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, கோப்பு முறைமை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். ஃப்ளாப்பி ஒரு கெட்ட செக்டரோடு மல்லுக்கட்டும்போது, இன்னொரு திரையில் கோப்பைத் திறக்கப் போனால் அதுவும் நின்றுவிடும். 1992ல் டானன்பாமுக்கும் லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் நடந்த விவாதத்திலேயே இந்த விஷயம் வந்தது. இது டிரைவரின் தப்பு இல்லை, ஆனால் டிரைவர் பொறுமையாக இருக்க இருக்க நமக்குத்தான் கஷ்டம். இரண்டாவது, இந்த டிரைவ்களில் டிஸ்க்கை வெளியே தள்ளும் பொத்தான் வெறும் இயந்திரம். மென்பொருளால் பூட்ட முடியாது. எழுதியதெல்லாம் டிஸ்க்குக்குப் போகாமல் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் நிற்கும்போதே யாராவது அழுத்தினால் டிஸ்க் அரைகுறையாகிவிடும். வந்த ஃப்ளாப்பியில் எதையும் எழுதக் கூடாது, எழுத்துத் தடுப்புத் துளையைத் திறந்து எழுத முடியாதபடி செய்துவிட்டே போட வேண்டும் என்பது என் கடையில் கண்டிப்பான விதி. ஐப்பசியில் இடி இடித்தால் கரண்டும் போகும், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் 1.44 டிஸ்க்குக்குத் தாராளமாகப் போதும். கெட்டுப்போன டிஸ்க்குக்குப் போதாது. அதில் கன்ட்ரோலர் டிரைவுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. எத்தனை முறை முயன்றது, தலையைத் திருப்பிக் கொண்டுவந்ததா என்று நம்மால் எதையும் அறியவோ மாற்றவோ முடியாது, 'முடியவில்லை' என்ற ஒற்றைப் பதில்தான் கிடைக்கும். மினிக்ஸில் முயற்சி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை மறுபடி கம்பைல் செய்தால் சரி. நான் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். நேரம் இழுக்கும், ஆனால் பதிவு கிடைக்கும்.

கிடைத்த கோப்புகளை என்இ2000 நெட்வொர்க் கார்டு வழியாக எஃப்டிபியில் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். உங்களிடம் பழைய டப்பா இருந்தால் இந்த மழைக்கு முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். வீட்டு டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் கதவைத் தள்ளித் தட்டைப் பாருங்கள்.