முதியோர் குடியிருப்பு: ஜன்னலை அடைப்பதா, படுக்கையறையைத் திருப்புவதா?

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிறுத்தம் எதிரிலேயே, மருத்துவமனையும் கிட்டத்தில். முதியோர் குடியிருப்பு கட்ட இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அந்தச் சாலையில் விடிய விடிய லாரி ஓடும். இதற்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, கனமான கண்ணாடி ஜன்னல் போட்டு மூடிவிட்டு ஏசியில் வைப்பது. மற்றது, வரைபடத்தையே மாற்றிப் படுக்கையறைகளைப் பின்பக்கம் கொண்டுபோவது.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால், மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. பெரும்பாலான முதியோர் இல்லங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே சத்தத்தையும் காற்றையும் அளந்து பார்க்கும் பொறுப்பு கட்டுபவரின் மனசாட்சியிடம்தான் இருக்கிறது.

முதலில் சத்தம். நம் ஊர் விதி குடியிருப்புப் பகுதியில், வீட்டுக்கு வெளியே பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. பிரிட்டனின் 2014-ஆம் ஆண்டு தரநிலை அறைக்குள்ளேயே போய்ப் பார்க்கிறது: இரவில் படுக்கையறைக்குள் சராசரி 30. தூக்கத்துக்கு இந்த அளவுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சாலையோரம் இரவில் சராசரி 70 டெசிபல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் சுமார் 13 டெசிபல்தான் குறையும், உள்ளே 57. நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் ஸ்லைடிங் அலுமினிய ஜன்னலை மூடினால் 45 அல்லது 50. இரண்டு கதவுகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஒரு தூரிகைப் பட்டைதான் இருக்கும். சத்தம் அந்த இடுக்கு வழியாகவே வந்துவிடும். கீல் வைத்து ரப்பர் பட்டையோடு இறுக மூடும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் 35 வரை இறக்கலாம். செலவும் அதற்கேற்றபடி ஏறும்.

படுக்கையறையைப் பின்பக்கம் வைத்தால் கட்டடமே சுவராக நின்று மறைக்கும். பின்பக்கச் சத்தம் 15 டெசிபல் குறைந்து 55-க்கு வந்தால், திறந்த ஜன்னலோடு உள்ளே 42. சாதாரண ஜன்னலை மூடினாலே 30-ஐ ஒட்டி வந்துவிடும். மூடுவதா திறப்பதா என்பது அந்த அறையில் இருப்பவர் விருப்பம் ஆகிறது. எண்பது வயதுப் பெரியவருக்கு இது சின்ன விஷயமில்லை. சாலைப் பக்கம் சமையலறை, படிக்கட்டு, அலுவலகம், துணி துவைக்கும் இடம் வரட்டும்.

சும்மா தள்ளிக் கட்டினால் போதாதா? சாலைச் சத்தம் தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் குறையும். 10 மீட்டரிலிருந்து 40-க்குப் போனாலும் கிடைப்பது ஆறு. ஒற்றை வரிசை மரம் நிழலுக்கு நல்லது, சத்தத்தை அநேகமாகத் தடுக்காது. காம்பவுண்ட் சுவர் தரைத்தளத்துக்கு உதவும், மாடிக்கு உதவாது.

காற்று விஷயத்தில் கணக்கு மாறுகிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு சாலையிலிருந்து முதல் நூறு, இருநூறு மீட்டருக்குள் வேகமாகக் குறைந்துவிடும். அதற்கு விலகிக் கட்டுவது நல்ல மருந்து. பிஎம் 2.5 எனும் மிக நுண்ணிய தூசித் துகள் அப்படியில்லை. ஊர் முழுக்கப் பரவி நிற்பது அது, பின்பக்க அறைக்கும் வந்து சேரும். அதன் ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5.

இங்கே ஜன்னலை அடைப்பவர்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளை அதிகம் பிடிக்காது. அடைத்த அறைக்கு வடிகட்டியோடு வெளிக்காற்று தரும் விசிறி தனியாக வேண்டும், வடிகட்டியை வருடா வருடம் மாற்ற வேண்டும். பராமரிப்புப் பணம் குறையும்போது முதலில் நிற்பது இதுதான். மின்வெட்டு வந்தால் பெரியவர்கள் அடைத்த அறைக்குள் வேர்த்துப் போவார்கள்.

ஆகவே என் தேர்வு: படுக்கையறையைத் திருப்புங்கள், பிஎம் 2.5 அதிகமுள்ள இடத்தில் விசிறி வடிகட்டியையும் சேருங்கள். ஆனால் ஒன்று, பின்பக்கத்தை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜெனரேட்டரைப் பலரும் அங்கேதான் ஒதுக்குகிறார்கள். கூண்டோடு வரும் ஜெனரேட்டருக்கே ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரை அனுமதி உண்டு. அதன் புகைக்குழாய் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் சாலையை ஒட்டியே ரயில் பாதையும் போகிறது. பின்பக்கம் தண்டவாளம் இருந்தால் அந்த மனையே வேண்டாம்.

அளப்பவரிடம் இரவு அளவைக் கேளுங்கள். சராசரியோடு, ஏர் ஹாரன் உச்சத்துக்குப் போன தடவைகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தூக்கத்தைக் கலைப்பது அதுதான். காற்றை ஐப்பசி அடைமழையில் மட்டும் அளந்தால் மழை கழுவிய கணக்குதான் கிடைக்கும். தை மாதக் காலையிலும் ஒரு முறை அளக்க வேண்டும்.