இ-கோர்ட்ஸ் தேடல்: ஜாமீன் உத்தரவு கிடைக்கிறது, விடுதலைத் தீர்ப்பு கிடைப்பதில்லை

அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்க்க மட்டும், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் அரசு இணையதளமான இ-கோர்ட்ஸைத் திறப்பவர்களுக்கு அது அருமையான வசதி. ஒவ்வொரு வழக்குப் பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண் கையில் இருந்தால் வக்கீல் குமாஸ்தாவுக்கு போன் போட வேண்டியதில்லை. மொத்தம் 16 இடங்கள்: மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு, நீதிமன்றத்துக்கு இரண்டு இலக்கம், வரிசை எண் ஆறு, ஆண்டு நான்கு. இடையில் கோடோ இடைவெளியோ போடக் கூடாது. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடிப்பதுதான் 'பதிவு இல்லை' என்று வருவதற்கு வழக்கமான காரணம். இந்த எண் பெரும்பாலும் வழக்கோடு தொடர்புடையவர்களிடமே இருக்கும். அதனால் இந்த வழியில் அந்தரங்கச் சிக்கல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

சிக்கல் தொடங்குவது பெயர் தேடலில். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரில் மூன்று எழுத்தையும் ஆண்டையும் கொடுத்து, 'நிலுவை', 'முடிந்தவை', 'இரண்டும்' என்பதில் ஒன்றைத் தட்டினால் பட்டியல் வந்துவிடும். ஆனால் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றும்போது அவரவர் கைக்கு வந்த எழுத்துக்கூட்டல். செந்திலுக்கு ஒரு 'எச்' கூடும், குறையும். இனிஷியல் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். ஒரு மாவட்டத்தில் ஒரே ஆண்டில் எத்தனை முருகன்கள் வழக்கில் இருப்பார்கள்! பட்டியலில் வயதும் ஊரும் இருக்காது. வேலைக்கு ஆள் எடுப்பவரும் பெண் கொடுக்க விசாரிப்பவரும் முதலில் தவறுவது இங்கேதான்.

அடுத்த தவறு எண்ணிக்கையில். செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய ஒரே ஒரு சம்பவம் ஜாமீன் மனுவாக ஒரு முறை, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிஆர்சி (பூர்வாங்கப் பதிவு) எண்ணாக ஒரு முறை, அங்கிருந்து செஷன்ஸுக்கு அனுப்பப்பட்டு 'கமிட்' ஆன பிறகு எஸ்சி (செஷன்ஸ் வழக்கு) எண்ணாக ஒரு முறை பதிவாகும். தனித்தனி சிஎன்ஆர். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது மூன்று வழக்கு. பிஆர்சி பக்கத்தில் 'முடிந்தது' என்று இருப்பதைப் பார்த்து வழக்கே தீர்ந்துவிட்டது என்று எதிர்த்திசையில் ஏமாறுபவர்களும் உண்டு.

அதற்காகப் பெயர் தேடலையே மூடிவிடலாம் என்றால், மனை வாங்குபவர் மாட்டிக்கொள்வார். நிலுவையில் உள்ள உரிமையியல் வழக்கு வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் வராது. சர்வே எண்ணைக் கொடுத்துத் தேட இ-கோர்ட்ஸில் வழியில்லை. விற்பவர் பெயரையும் அவர் தகப்பனார், உடன்பிறந்தவர் பெயர்களையும் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சர்வே எண் தேடல் வந்தால் பெயர் தேடலுக்கான நியாயத்தில் பாதி தானாகக் கரைந்துவிடும்.

காகிதக் காலத்தில் வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால், எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். குஜராத் உயர் நீதிமன்ற விதி தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறையை ஏற்றது. நகலுக்கு நீதிமன்ற விதி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு அதைத் தாண்டிப் போக முடியாது என்றது. இணையத்தில் காரணம் கேட்க யாரும் இல்லை, படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் ஒரு கேப்ட்சா மட்டும் உண்டு. அந்த ஐந்தாறு எழுத்துகளோடு மல்லுக்கட்டுவது வயதான வாதிகள்தான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கோளாறு வேறு. முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றம் போனால், உத்தரவின் முதல் பத்தியில் போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு அப்படியே எழுதப்படும். அந்த உத்தரவு எழுத்துத் தேடலுக்கு ஏற்ற பிடிஎஃப். தனியார் சட்டத் தேடல் தளங்கள் அதை எடுத்துப் போடும், கூகுளிலும் வரும். மூன்று வருடம் கழித்து மாஜிஸ்திரேட் விடுதலை செய்த தீர்ப்போ மாவட்ட நீதிமன்றப் பக்கத்தில், கேப்ட்சாவுக்குப் பின்னால், பல நேரம் ஸ்கேன் செய்த படமாகக் கிடக்கும். சந்தேகம் தேடலில் கிடைக்கிறது, முடிவு கிடைப்பதில்லை. ஆவணம் பொதுவானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாதி ஆவணம் மட்டும் பொதுவாக இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பெயர் மறைப்பும் அரைகுறையாகவே நடக்கிறது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் குற்றம். குழந்தைகளுக்கு போக்சோ 23-ஆம் பிரிவு. ஆனால் குழந்தையின் பெயரை எடுத்துவிட்டுத் தாயின் பெயர், பள்ளி, தெரு மூன்றையும் விட்டுவைத்தால் மறைத்து என்ன பயன்? குற்றம் சாட்டப்பட்டவர் தகப்பனாக இருந்தால் அவர் பெயரே குழந்தையைக் காட்டிக்கொடுக்கும். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புப் பட்டை மட்டும் வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். மூல ஆவணத்திலேயே எழுத்தை நீக்கிவிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேண்டும்.

மணமுறிவு வழக்குகளில் இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவு வெளியீட்டைத் தடுக்கிறது. அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்! அதிலும், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை நீதிமன்ற அனுமதியோடு வெளியிட விலக்கு உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் மூடிய கதவு மேல்முறையீட்டில் திறந்துகொள்வது இப்படித்தான்.

பழைய வழக்கில் உள்ள தன் பெயரை நீக்கக் கேட்கும் 'மறக்கப்படும் உரிமை' பற்றி இன்னும் தீர்மானமான விடை இல்லை. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாமெல்லாம் அறிந்த ராஜகோபால் வழக்கில், 1994-லேயே, நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம், அதை வெளியிடத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்தது 2017-ல். விடுதலையான ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்டபோது சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021-ல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். நீதிப்பணிக்கான தரவுக்கு அதில் பெரும்பகுதி விலக்கு.

ஆகவே மறைக்க வேண்டியதை வழக்குத் தாக்கலின்போதே கேட்பது நல்லது. பெயருக்குப் பதில் எழுத்துக் குறியீடு போட அனுமதி கோரும் மனுவை முதல் மனுவோடு சேர்த்தே கொடுக்கலாம். ஆதார் எண், போன் நம்பர், வங்கிக் கணக்கு போன்றவற்றை மனுவின் உடலில் எழுதாமல் தனி இணைப்பில் வைக்கச் சொல்லுங்கள். உத்தரவு ஏறிய அன்றே பிடிஎஃப்பை இறக்கிப் படித்துவிட வேண்டும்; தனியார் தளம் நகலெடுத்த பிறகு ஒன்றல்ல, நான்கு இடத்தில் கெஞ்ச வேண்டியிருக்கும். விடுதலையானவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே வாங்கி, தெளிவாக ஸ்கேன் செய்து, ஜாமீன் உத்தரவின் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தளங்களுக்கு எழுதும்போது 'நீக்குங்கள்' என்று மட்டும் கேட்காமல், 'பெயரைத் தேடினால் வராதபடி செய்யுங்கள், முடியாவிட்டால் இந்த விடுதலைத் தீர்ப்பை அந்தப் பக்கத்திலேயே இணையுங்கள்' என்று இரண்டையும் கேளுங்கள்.