ரிமோட் சாவி மக்கர் செய்தால்: செல்லா, பழுதுபார்ப்பா, புதுச் சாவியா?

கார் ரிமோட் படுத்துவிட்டால் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்லை மாற்றலாம். சாவியையும் காரையும் மறுபடி இணைத்துப் பார்க்கலாம். சாவியைப் பிரித்துப் பழுதுபார்க்கலாம். புதுச் சாவி வாங்கலாம். பெரும்பாலானவர்கள் செல்லை மாற்றிப் பார்த்துவிட்டு, பலிக்காவிட்டால் நேரே புதுச் சாவிக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டு வழிகளிலேயே பல நேரம் காரியம் முடிந்துவிடும் என்பது என் கட்சி.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் இரண்டாவது சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அதற்குக் கதவு திறந்தால் கோளாறு முதல் சாவியில்தான். இரண்டுக்குமே அசையவில்லையா? சாவியை விட்டுவிட்டுக் காரைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், சாவியின் அலையை வாங்கும் ரிசீவர் கெட்டிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தகராறு செய்து, காரை நகர்த்தியதும் ஒழுங்காகிவிட்டால் அது அலைக் குறுக்கீடு. இந்த ரிமோட்டுகள் நாட்டுக்குத் தகுந்தபடி பெரும்பாலும் 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. கேட் ரிமோட், வயர்லெஸ் அழைப்புமணி என்று பல சாதனங்கள் அதே அலைவரிசையில் நெரிசலாக உட்கார்ந்திருக்கின்றன. செல்போன் கேமரா முன்னால் ரிமோட்டை அழுத்தினால் வெளிச்சம் தெரிய வேண்டும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. அது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் சாவிக்கு மட்டுமே பொருந்தும். ரேடியோ அலைச் சாவி நன்றாக இருந்தாலும் கேமராவில் ஒன்றும் தெரியாது.

செல்லா, மறு இணைப்பா?

இரண்டுமே வீட்டிலேயே செய்யக்கூடியவை. எது தேவை என்பதைச் சாவி கெட்ட விதமே சொல்லிவிடும். முன்பு தூரத்திலிருந்தே திறந்த கார், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தால்தான் திறக்கிறது என்றால் செல் தீர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்து, செல் மாற்றியதும் நின்றுவிட்டது என்றாலோ, குழந்தை கையில் சிக்கிய பிறகு நின்றுவிட்டது என்றாலோ இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி ஒரு புது எண்ணை அனுப்புகிறது. காரும் அதே கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருக்கிறது. கார் பக்கத்தில் இல்லாதபோது அழுத்திக்கொண்டே இருந்தால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும். இப்படி எண் மாறும் முறைகளில் பரவலாகப் புழங்கும் கீலாக் (KeeLoq) முறையில் 16 எண்வரை முந்தியிருந்தால் கார் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு தரம் அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மற்ற கார்களில் இக்னிஷனைப் போட்டுப் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடிப்பது மாதிரி ஏதாவது ஒரு முறை கையேட்டில் இருக்கும். காசு செலவே இல்லை, ஆனால் இதை முயன்று பார்ப்பவர்கள் குறைவு.

செல்லில் கவனிக்க வேண்டியது அதன் எண். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025-க்கும் அதே விட்டம், அதே 3 வோல்ட்தான், ஆனால் கனம் 2.5. கடையில் இல்லை என்று 2025-ஐ மாட்டினால் லூசாக உட்காரும். சாவியைத் தட்டினால் வேலை செய்யும், அப்புறம் நின்றுவிடும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய செல்லை நம்பவும் முடியாது. சும்மா இருக்கும்போது 3 காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியதும் சரிந்துவிடும் செல்கள் உண்டு. அளப்பதைவிடப் புது செல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது சுலபம். கழற்றிய செல்லைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

பழுதுபார்ப்பு

திறக்கும் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, பூட்டும் பட்டன் ஒழுங்காக இருக்கிறது என்றால் செல்லும் நல்லது, இணைப்பும் நல்லது. தேய்ந்திருப்பது அந்தப் பட்டனுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச். ரப்பரை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள், துவரம்பருப்பு அளவில் சதுரமாக உட்கார்ந்திருக்கும். நல்ல சுவிட்ச் அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும், போன சுவிட்ச் மெத்தென்று அமுங்கும். சாவி கீழே விழுந்து கெட்டது என்றால் செல்லைப் பிடிக்கும் தகட்டை விரலால் அழுத்திக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போது மட்டும் வேலை செய்தால் தகட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் சால்டர் பற்று விட்டிருக்கிறது. இரண்டுமே செல்போன் பழுதுபார்க்கிறவர் சில நிமிடங்களில் முடிக்கிற வேலை. பலகையில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும்.

கூடு மட்டும் உடைந்திருந்தால் வெறும் கூடு தனியாகக் கிடைக்கிறது. இங்கேதான் ஓர் ஆபத்து. பல மடக்குச் சாவிகளில் இம்மொபிலைசர் சிப் பலகையில் இருக்காது. பழைய கூட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டாகச் செருகியிருக்கும். அது செல் இல்லாமலே இயங்குவது, இன்ஜின் கிளம்ப அனுமதி கொடுப்பதே அதுதான். கவனிக்காமல் பழைய கூட்டோடு அதையும் குப்பையில் போட்டால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது.

ஆனால் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் கிடந்த சாவியையும், பிரிக்கவே முடியாமல் ஒட்டி மூடிய அட்டைவடிவச் சாவியையும் பழுதுபார்க்கப் போவது நேர விரயம்.

புதுச் சாவி: கம்பெனியா, வெளியிலா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் உரிமை ஆவணம் கேட்பார்கள், காத்திருக்க வைப்பார்கள், விலையும் கூடுதல். பொருள் காருக்குப் பொருந்துமா என்ற கவலை மட்டும் கிடையாது. வெளியில் சாவி செய்பவர் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் கருவியைச் செருகி அதே வேலையைக் குறைந்த செலவில் முடித்துவிடுவார். நல்ல சாவி ஒன்று கையில் இருந்து, இரண்டாவதுக்காகப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு வெளியில் செய்பவருக்கே. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் கம்பெனிதான். சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியிலேயே கைவைக்க வேண்டியிருக்கும்.

நாமே இணையத்தில் சாவியை வாங்கி வெளியில் செய்பவரிடம் கொடுக்கலாமே என்றால், அலைவரிசையும் சிப் வகையும் இரண்டுமே பொருந்த வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் காருக்கு 315 சாவி வாங்கினால், சிப் பொருந்தினால் இன்ஜின் கிளம்பலாம், ஆனால் கதவு ரிமோட்டில் திறக்காது. ஸ்டார்ட் பட்டன் கார்களுக்கான ஸ்மார்ட் சாவியைப் பழையதாக மலிவாக வாங்குவதும் வேண்டாம். பல மாடல்களில் அது முதல் காரோடு பூட்டப்பட்டுவிடும், அடுத்த காருக்கு ஏறாது. எந்த ரிமோட்டையும் நகலெடுக்கும் என்று விற்கும் மலிவு ரிமோட்டுகளோ மாறாத எண்ணை அனுப்பும் பழைய வகைக்குத்தான் லாயக்கு.

அதுவரை காரை எப்படி எடுப்பது? ஸ்டார்ட் பட்டன் காராக இருந்தால் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறங்கள். அலாரம் அலறலாம், பதற வேண்டாம். பிறகு சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், அல்லது கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் வையுங்கள். செல் செத்திருந்தாலும் சிப்பைக் கார் படித்துக்கொள்ளும். புதுச் சாவி ஏற்றப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். சில கார்கள் புதியதைச் சேர்க்கும்போது பழைய பதிவுகளை அழித்துவிடும். தொலைந்த சாவியின் பதிவையும் அப்போதே நீக்கச் சொல்லிவிடலாம்.