வேறு வீட்டுக் கடல் மீனை நம் தொட்டியில் சேர்ப்பது: எந்த வழி தேறும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் கடல் மீன் வளர்ப்பவர்கள் குறைவு. அதனாலேயே ஒருவர் தொட்டியைக் கலைக்கும்போது மீன்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையிடம் போகிறவர், சென்னைக்கு மாற்றலாகிறவர், செலவு தாங்காமல் விடுகிறவர் என்று யாராவது "நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் இருபது வருடம்கூட வாழும். வீடு மாறுவதற்காக அது சாகக் கூடாது. ஆனால் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் செய்வது நேரே விடுவது. பையை மிதக்கவிட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மீனை உள்ளே விட்டுவிடுவார்கள். "அங்க நல்லாத்தானே இருந்துச்சு" என்பதுதான் காரணம். இந்தக் காரணம் செல்லாது. வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி, பழகிய தொட்டியில் புள்ளியே தெரியாமல் செவுளில் ஒட்டிக்கொண்டிருக்கும்; மீனுக்கும் ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும். வலையில் பிடிபட்டு, பையில் அடைபட்டு, புது இடத்தில் பயந்து நிற்கும்போது அந்த எதிர்ப்பு உடைகிறது. அந்த ஒட்டுண்ணியையே பார்த்திராத உங்கள் மீன்களுக்கு அதுவும் கிடையாது. மறுபக்கமும் உண்டு: உங்கள் தொட்டியிலேயே அது ஒளிந்திருந்தால் முதலில் விழுவது வந்த மீன்தான். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் மருந்து ஊற்றவும் முடியாது. எல்லா மீனையும் வெளியே எடுத்து, பத்து வாரத்துக்கு மேல் தொட்டியை மீனில்லாமல் போட்டுவைப்பதுதான் வழி. உங்கள் தொட்டியில் இப்போது மீனே இல்லை என்றால் மட்டும் நேரே விடலாம்.

இரண்டாவது, தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்ப்பது. கடையில் வாங்கும் மீனுக்கு இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. கொடுப்பவரிடம் மீனோடு அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கேட்டு வாங்கலாம். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் ஏற்கெனவே குடியிருக்கிறது. ஈரம் காயாமல் கொண்டுவந்தால் அன்றைக்கே தனித் தொட்டி வேலை செய்யும். களைத்து வந்த மீனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. குறை என்னவென்றால், அந்த ஸ்பாஞ்சிலேயே ஒட்டுண்ணியின் கூடுகளும் வரலாம். நோயும் கண்ணுக்குப் பட்டால்தான் நமக்குத் தெரியும். தெரியாமல் இருக்கும் நோயை இந்த முறை பிடிக்காது.

மூன்றாவது காப்பர் மருந்து. வெண்புள்ளியையும், அதைவிடக் கொடிய வெல்வெட் நோயையும் அடக்கும். சாதாரண காப்பர் சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே ஆபத்து. மற்ற வகைகளுக்கு அளவு வேறு, பாட்டிலில் போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். காப்பரை அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வெறும் தொட்டியில் மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு மட்டும் போட வேண்டும். உடல் தேறாத மீனுக்கு முதல் நாளிலேயே இதைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் உடம்பில் தூள் தூவியது போன்ற படலமும் வேகமான மூச்சும் தெரிந்தால் தயங்க வேண்டாம். வெல்வெட் ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

நான்காவதுதான் என் தேர்வு: தொட்டி மாற்றும் முறை. மீனைவிட்டு விழும் ஒட்டுண்ணி கூடு கட்டி, அதிலிருந்து குஞ்சு வெளிவரக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள், அதாவது 72 மணி நேரம் முடியும் முன், மீனை முற்றிலும் வேறு தொட்டிக்கு, புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டால் விழுந்ததெல்லாம் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். பன்னிரண்டு நாளில் நான்கு முறை மாற்ற வேண்டும். மருந்தே இல்லை. இரண்டு சிறு தொட்டி போதும். ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றதைக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். அதற்கு நம்மூர் முற்றத்து வெயிலைப் போல வேறெதுவும் உதவாது. ஏர் ஸ்டோனும் குழாயும்கூட மாற வேண்டும். பழைய தண்ணீர் கூடவே போனால் பாடு வீணாகலாம். பழைய ஸ்பாஞ்சையும் இதில் வைக்கக் கூடாது, ஆகவே தீனியைக் குறைத்து அமோனியாவை அளந்துகொண்டே இருக்க வேண்டும். 40 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புக் கலவை ஆகும். அந்தச் செலவுக்கு அஞ்சி தொண்டியிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன். பாக் விரிகுடாக் கரைத் தண்ணீர் கலங்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் இறங்கிவிடும். ஒட்டுண்ணியும் கூடவே வரலாம்.

இந்த முறை வெல்வெட்டை நம்பகமாக நீக்காது. ஆகவே பன்னிரண்டு நாள் முடிந்ததும் சுத்தமான தனித் தொட்டியில் இன்னும் சில வாரம் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். உப்பைப் பாதிக்குமேல் குறைத்து வைக்கும் முறையும் இருக்கிறது. அதுவும் வெல்வெட்டிடம் தோற்கும், தினமும் அளக்கும் பொறுமையும் வேண்டும்.

எந்த வழியானாலும் சித்திரை, வைகாசியில் செய்யாமல் இருக்க முடிந்தால் நல்லது. சிறு தொட்டி சீக்கிரம் சுடும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். தவிர்க்க முடியாவிட்டால் தடித்த சுவருள்ள உள்ளறையில் வைத்து, நீர்ப்பரப்பில் மின்விசிறி காற்று படவிடுங்கள். ஆவியாகிற அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை விட வேண்டும். ஏர் பம்ப் இன்வர்ட்டரில் இருக்கட்டும்.

மீனை எடுக்கப் போகும்போது "கடைசியா எப்போ புது மீன் விட்டீங்கண்ணே?", "காப்பர் ஏதும் ஊத்தினீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். காப்பர் ஊற்றிய தொட்டி என்றால் அங்கிருந்து பாறை வாங்க வேண்டாம். அவருடைய தண்ணீரின் உப்பளவையும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, தனித் தொட்டியை அதே அளவில் தயார் செய்தால் மீன் பையில் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியில் சேர்க்கும் நாளில் விளக்கை அணைத்து, பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்குங்கள். இல்லாவிட்டால் பழைய டாம்செல் மீன்கள் தங்கள் இடம் என்று விரட்டியடிக்கும். நீல டேங் மாதிரி ஒரு அடி வரை வளரும் மீனைச் சிறு தொட்டிக்காரர்கள் வாங்காமல், பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிக் கொடுப்பதே சரி. யாரும் எடுக்கவில்லை என்று தொண்டிக் கடலில் விட்டுவிடாதீர்கள். வேற்றுக் கடல் மீனும் அதன் நோயும் அங்கே போய்ச் சேரக் கூடாது.