தாலோஸா, மெதூசாவா?

ரே ஹாரிஹவுசன் சினிமாவுக்காகப் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் படமெடுத்தவர்; இதற்குப் பெயர்தான் ஸ்டாப் மோஷன். விநாடிக்கு 24 ஃபிரேம். அவருடைய இந்த இரண்டு கிரேக்கப் புராண உருவங்களில் எது உசத்தி?

‘ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்’ (1963) படத்தின் தாலோஸ் வெண்கலச் சிலை. மண்டியிட்டிருப்பவன் திடீரெனத் தலையைத் திருப்புவான், உலோகம் கிரீச்சிடும். ஸ்டாப் மோஷனின் வெட்டுவெட்டான அசைவு இங்கே குறையாகவே தெரியாது. வெண்கலம் அப்படித்தானே நடக்கும்!

‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ (1981) படத்தின் மெதூசாவிடம் வேலைப்பாடு அதிகம். தலையில் பாம்புகள் தனித்தனியாக நெளிய, தீவெளிச்சம் முகத்தில் அலைபாய, கைகளை ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு வருவாள். வால் நுனி கிலுகிலுக்கும். பயம் என்றால் இவள்தான், சரி.

ஆனாலும் என் ஓட்டு தாலோஸுக்கு. குதிகால் மூடி திறந்து உயிர்நீர் கொட்ட, தொண்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவான் பாருங்கள், பாவமாகிவிடும்.