"எல்லாம் கெளுத்திதாண்ணா, ஒத்துப்போகும்"னு சொல்ற கடைக்காரன நம்பாதீங்க மக்களே

மீன் தொட்டி வச்சிருக்கவங்க, இனிமே வைக்கலாம்னு இருக்கவங்க கொஞ்சம் படிங்க. ரெண்டு மாசமா உள்ளுக்குள்ளயே புழுங்கிட்டு இருந்தேன், இன்னிக்கு கொட்டிடுறேன்.

என்கிட்ட இருக்குறது ரெண்டரை அடி டேங்க், 80 லிட்டர் சொச்சம் தண்ணி புடிக்கும். 12 நியான் டெட்ரா (குட்டியூண்டு கலர் மீனு), 6 ப்ரான்ஸ் கோரி. கோரி தெரியாதவங்களுக்கு, அது குட்டிக் கெளுத்தி ஜாதி, ரெண்டு ரெண்டரை இஞ்ச்தான் வரும், கூட்டமா மணல்ல மூஞ்சிய விட்டு நோண்டிட்டே திரியும், என் பொண்ணு அதுங்களுக்கு மீசைக்காரனுங்கன்னு பேரு வச்சிருந்தா. அதுங்களுக்குத் துணையா கொஞ்சம் கலரா இன்னொரு கெளுத்தி போடலாம்னு ஒரு ஆசை. ஒழுங்கா கலர் மீன் கடைங்க நெறைய இருக்குற கொளத்தூர் போயிருக்கணும், நாலு கடை ஏறி இறங்குனா எவனாவது உண்மைய சொல்லியிருப்பான், தாம்பரத்துலேந்து அவ்ளோ தூரம் யாரு போறதுன்னு சோம்பல் பட்டு பக்கத்து தெரு கடைக்கே போனேன், அதுதான் என் கிரகம்.

அங்க ஒரு கெளுத்திக் குட்டி, கருப்பு முதுகு, நடுவுல வெள்ளைக் கோடு, ஆரஞ்சு வாலு, மூணு இஞ்ச் இருக்கும், பாத்தா அவ்ளோ அழகு. "கோரியோட விடலாமா?"ன்னு ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டேன். "எல்லாம் கெளுத்திதாண்ணா, ஒரே ஃபேமிலி, ஒத்துப்போகும், கீழ விழுற தீனிய தின்னுட்டு கிடக்கும்"னான். எவ்ளோ பெருசாகும்னதுக்கு "டேங்க் சைஸுக்கு ஏத்த மாதிரிதாண்ணா வளரும்"னான். 350 ரூபா.

மூணாவது நாள் காலைல நியான் ஒம்போது. துள்ளி வெளிய விழுந்துடுச்சோன்னு ஸ்டாண்டுக்கு அடியில டார்ச் அடிச்சுலாம் தேடுனேன். அடுத்த வாரம் ஆறு. கடைக்காரனுக்கு போன் பண்ணா "தண்ணி செட் ஆகலண்ணா, மருந்து ஊத்துங்க"ன்னு ஒரு நீல மருந்து பாட்டில வேற தலைல கட்டுனான். புதுசா வந்தவனோ பகல் பூரா கட்டை அடியில சாது மாதிரி படுத்திருப்பான், வயிறு மட்டும் பந்து மாதிரி. இந்த மாதிரி கெளுத்தி ராத்திரிதான் வேட்டைக்குக் கிளம்பும்னு அப்ப எனக்கு உறைக்கல.

ஒரு நாள் காலைல பொண்ணு கத்துனா, ஓடிப்போய் பாத்தா அவன் வாயிலேந்து ஒரு கோரியோட வாலு வெளிய நீட்டிட்டு இருக்கு. கோரிக்கு பயம் வந்தா முதுகு முள்ளையும் பக்கத்து முள்ளையும் விறைப்பா நிமித்தி பூட்டிக்கும், அதனால உள்ளயும் போகாது வெளியவும் வராது, பெரிய மீனுக்கு தொண்டை கிழியும், கோரி மூச்சு திணறி சாகும். ஈரத்துணில புடிச்சு, முள்ள நகவெட்டியால வெட்டி எடுத்தேன். கோரி செத்துடுச்சு. நடுவுல அந்த முள்ளு என் கட்டவிரல்ல ஏறி ரெண்டு மணி நேரம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, மார்க்கெட்ல கெளுத்தி வாங்கி முள்ளு குத்து வாங்குனவங்களுக்கு அந்தக் கடுப்பு தெரியும்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அது ரெட் டெயில் கேட்ஃபிஷ், அமேசான் ஆத்து மீன், ஒரே வருஷத்துல ஒரு அடி தாண்டிரும், முழுசா வளந்தா மூணு நாலடி வரும். வாய்க்குள்ள எது அடங்குதோ அதெல்லாம் அதுக்கு சாப்பாடு. டேங்குக்கு ஏத்த மாதிரி வளருமாம், சின்ன டேங்க்ல கிடந்தா அது குறுகி நோஞ்சானாகி செத்துப்போகும், அதத்தான் இவனுங்க இப்படி அழகா சொல்றானுங்க.

கடைக்குத் தூக்கிட்டுப் போனா மீனுக்கு ரிட்டர்ன் கிடையாதாம், வேணும்னா ரெண்டு ஷார்க் குட்டி எடுத்துக்கங்கன்னு பெரிய மனசு பண்ணான். அந்த ஷார்க்கும் கெளுத்திதான் பாஸ், ஹோட்டல்ல பாசா ஃபில்லேன்னு தட்டுல வைக்கிறாங்கல்ல அதே மீன்தான், அதுவும் மூணு நாலு அடி வளரும்! ஒரு தடவை ஏமாந்தவன மறுபடியும் ஏமாத்த என்ன ஒரு தைரியம்.

ஏரில விட்டுடுன்னு ஒரு ஃப்ரெண்ட் ஐடியா குடுத்தான். அப்படி ஆளாளுக்கு விட்ட சக்கர் மீனுதான் இன்னிக்கு நம்ம ஏரி குளமெல்லாம் பெருகி மீன்காரங்க வலைய கிழிச்சிட்டு இருக்கு, அதெல்லாம் பண்ணாதீங்க. எனக்கு அதிர்ஷ்டம், வேளச்சேரி பக்கம் மாடில பெரிய சிமெண்ட் தொட்டி கட்டி இந்த மாதிரி ராட்சச மீனுங்களா வளக்குற ஒருத்தர் வாங்கிக்கிட்டார்.

கோரி கூட இன்னொரு கெளுத்தி வேணும்னா ப்ரிஸ்ல்நோஸ் போடுங்க, நாலஞ்சு இஞ்சோட நிக்கும், இல்லன்னா ஓட்டோன்னு ஒரு குட்டிக் கெளுத்தி. நாலஞ்சு இஞ்ச்தானேன்னு பிக்டஸ் கெளுத்தி எடுத்துடாதீங்க, நியான் இருந்தா அதுவும் முழுங்கிரும். கடைக்காரன் சொல்ற பேர அங்கயே நின்னு போன்ல போட்டு முழு சைஸ் என்னன்னு பாத்துட்டு அப்புறம் காச எடுங்க.

நேத்து அந்தக் கடைய தாண்டி வந்தேன். அதே குட்டிங்க ஏழெட்டு இன்னும் இருக்கு, கப்பி தொட்டிக்கு பக்கத்துல. விலைய 300 ஆக்கிட்டான்.